வெள்ளை மாமியைக் கலைத்த பானை

வடகடற்கரை, யேர்மனி
22.02.1987

அன்புள்ள மகள் ரஞ்சினிக்கு,

மூக்கு நுனியைத் தவிர அப்பாவின் மற்ற எல்லாப் பாகமும் இங்கே சுகம், அந்த மூக்கும் உறைந்து விழமுதல் உன்ரயும் மருமகன்ரயும் சுகத்தை எழுதிப்போடு. அம்மா மானிப்பாயிலிருந்து எழுதியிருக்கிறா, ஆடு குட்டி போட்டதாம். அவவுக்கு இந்த ஆந்தைக் கதையைச் சொல்லிப்போடாதை, கோயிலுக்கு நேர்த்தி வைத்துவிடுவா.

எங்கட அகதி விடுதி ஹைமுக்குப் பின்னால், கடலணைக்கு அங்காலை வெறும் வயலில், தை மாதம் ஒரு வெள்ளை ஆந்தை வந்து குந்தியது. ஊர் ஆந்தைபோல இருட்டும்வரை காத்திருக்காது, பட்டப்பகலில் பனிமேட்டில் இருக்கும். கபிலக் கோடு போட்ட வெள்ளைச் சேலை, கால்விரல்வரை காலுறைபோல இறகால் மேஸ், அதில் என்ர மேஸ்போல ஓட்டையும் இல்லை. உடம்பை அசைக்காமல் கழுத்தை முதுகுப் பக்கம் திருப்பிப் பார்க்கும்போது கலியாண வீட்டில் முன்கதிரை பிடித்த மாமிமார்தான், அதனால் வெள்ளை மாமி என்று பேர் வைத்தேன். மஞ்சள் கண்ணைப் பாதி மூடி நித்திரை மாதிரி இருப்பா, புல்லுக்குள் எலி அசைந்தால் சிறகுச் சத்தமே இல்லாமல் தாழப் பறந்து தூக்கி முழுசாய் விழுங்கிவிடுவா. இளைப்பாறிய தபால்காரர் அல்பேர்ட்தான் தன் தூரக்கண்ணாடியைத் தந்து இதெல்லாம் காட்டினவர். வடதுருவப் பக்கத்திலிருந்து எப்போதாவது ஒன்று இப்படி இறங்குமாம், ஆட்கள் கூடினால் பசியோடு எழும்பிப் போய்விடும், ஒருவருக்கும் சொல்லாதே என்று உதட்டில் விரல் வைத்தார். நானும் யா, யா என்று தலையாட்டினேன்.

ஆனால் என்ர வாயை உனக்குத் தெரியும்தானே, தம்பித்துரைக்கு மட்டும் சொன்னேன். ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் என்னோடு இறங்கி ஒரே கம்பளிக்குள் நடுங்கினவன், நல்லூரான்மேல் சத்தியம் பண்ணினவன். அவனுக்கு அகதி விசாரணைக்கு நாள் வந்ததும், ஆந்தை பார்த்துக்கொண்டிருந்தால் Antrag, அதுதான் அகதி விண்ணப்பம், தள்ளுப்படும் என்று பயந்து ஹைம் முழுவதையும் கூட்டிக்கொண்டு தட்டும் மூடியும் அடித்தபடி வயலுக்குள் இறங்கிவிட்டான். ஓடிப்போய்ப் பார்க்கிறேன், அவன் அடித்தது என்ர சோற்றுப் பானை! பிள்ளை, அவன் காய்ச்சலில் கிடந்தபோது அந்தப் பானையில்தான் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். மாமி பிடித்த எலியையும் விட்டுவிட்டுக் கடல்பக்கம் பறந்தா, இன்னும் திரும்பவில்லை. அண்ணை, உங்கட நல்லதுக்கும்தான் செய்தனான் என்கிறான். விசாரணையைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள், அதுவும் ஆந்தையின் குற்றமாம். இப்ப அவன் கதைக்க வாறான், நான் பானையோடு மட்டும் கதைக்கிறேன்.

அல்பேர்ட் என்னைக் கண்டும் சைக்கிளை நிறுத்தாமல் போகிறார். என்னைக் காட்டிக்கொடுத்தவன் ஒருவன், அவரைக் காட்டிக்கொடுத்தவன் நான், இதை விளக்க என்ர அரைகுறை டொச்சு மொழிக்கு ஏலாது.

வெளியில் போகும்போது காதை மூடிக் கட்டு, இரண்டு பேரும் நேரத்துக்குச் சாப்பிடுங்கோ, நல்லூரான் உங்களைக் கைவிடான். உங்கட கனடா வின்னிபெக் வெளிகளுக்கும் பனி மாரியில் இந்த வெள்ளை ஆந்தைகள் வருமாம். கண்டால் மருமகனுக்கும் மூச்சு விடாதை, எனக்கு மட்டும் எழுது. ஆந்தை என்று எழுதாதை, என்ர கடிதத்தை எனக்கு முந்தித் தம்பித்துரைதான் வாசிப்பான். வெள்ளை மாமி வந்திருக்கிறா, நல்லாய்ச் சாப்பிடுறா என்று எழுது, அதைக் கொண்டுபோய் நான் அல்பேர்ட்டின் கதவைத் தட்டவேணும்.

பானையும் தானுமாய் இருக்கும்
அப்பா
ஞானசுந்தரம்