மருமகளின் கிரேப் மிர்ட்டல்

சனிக்கிழமை இரவு.

தப்பு என்னுடையதுதான். மருமகள் கீதா தேடி அலைந்து வாங்கி வாசல் தோட்டத்தில் வைத்த கிரேப் மிர்ட்டல் பூமரத்தை, அவள் இந்தச் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா கடைத்தெருவுக்குக் காய்கறி வாங்கப் போயிருந்த நேரத்தில் முழங்கால் உயரத்துக்கு அறுத்துவிட்டேன். பட்டை உரிந்து விழுந்துகொண்டிருந்தது. நோய் என்று நினைத்தேன்.

போன வாரமே அவள் சொன்னாள். "நோய் இல்ல மாமா. இந்த மரம் இப்படித்தான் பட்டை உரிக்கும்."

"நான் பார்க்காத செடியா? எனக்குச் சொல்லித் தராத" என்றேன்.

இன்று வந்ததும் வெட்டிப்போட்ட கிளைகளைப் புரட்டினாள். நுனியெல்லாம் மொட்டு. இதுவரை அது பூத்ததே இல்லை.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் லா, மாமா."

அவ்வளவுதான். கிளைகளை அங்கேயே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். மகன் என்னைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறான். மற்ற செடிகளைக் காப்பாற்றத்தானே செய்தேன். இருந்தாலும் அந்த மொட்டுகள்.

அடிமரத்தில் உயிர் இருக்கிறது, துளிர்க்கும். தண்ணீர் நான் ஊற்ற வேண்டும். எந்தத் துளிரை விடுவது, எதைக் கிள்ளுவது என்று அவள் சொல்ல வேண்டும். ரம்பத்தை மகன் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். மன்னிப்பு நான் கேட்க வேண்டும். அதற்கு மகனைத் தூது அனுப்பக் கூடாது.