டாக்டர் காரின் திரை

செவ்வாய்க்கிழமை, இரவு

செம்பூர் டாக்டரின் வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் மூன்றாம் முறையாகத் தாராவியில் என் கார் ரிப்பேர் கடைக்கு வந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் வேகம் காட்டும் டிஜிட்டல் திரை மறுபடி இருண்டுவிட்டது. கழற்றிப் பார்த்தால் உள்ளே பழையபடி ஈரக்கறை. மழைத்தண்ணீர் என்று நினைத்துக் கண்ணாடி ஓரமெல்லாம் போன முறையே அடைத்திருந்தேன். எரிச்சலோடு சரிசெய்து, மாலையில் சாவியைக் கொடுத்தேன். டாக்டர் சீட்டில் உட்கார்ந்ததும் கிளீனர் பாட்டிலை எடுத்துத் திரைமேல் நேராகப் பீய்ச்சினார்.

"ஸார், என்ன செய்தீய? அதுதான் உள்ள இறங்குது."

"தினம் இப்படித்தான் தொடைக்கிறேன். நீங்க கேக்கவே இல்லையே?"

பாட்டிலைப் பிடுங்கி எறியத் தோன்றியது. ஆனால் அவர் சொன்னது நிஜம். மூன்று முறை பிரித்தேன், ஒரு முறைகூடக் கேட்கவில்லை. அவர் துடைத்து முடிப்பதற்குள் திரை இருண்டது. காரை விட்டுவிட்டு டாக்சியில் போனார். காலையில் மறுபடி கழற்ற வேண்டும்.