படகு விளிம்புக்குக் கறுப்புப் பட்டை

என்னங்க,

சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறேன். கோபம் என் மேல்தானே, சாப்பாட்டின் மேல் இல்லையே. சாப்பிடுங்கள்.

படகுப் பட்டறைக்காரர் வருவார். நம் மோட்டார் படகின் விளிம்பில் பிய்ந்துபோன பட்டைக்குப் பதில் எதைப் போடுவது என்று கேட்பார். அவர் கொடுத்த மாதிரித் துண்டுகளைக் காலையில் வாசல்படியில் ஓங்கி அடித்துப் பார்த்தேன். எனக்குப் பிடித்த வெள்ளை பிளாஸ்டிக் விரிசல் விட்டது. உங்கள் கறுப்பு ரப்பர் அமுங்கி, பழையபடி நிமிர்ந்துகொண்டது. கறுப்பையே போடச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னதுதான் சரி. இந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள், இன்னொரு முறை எழுதித் தர மாட்டேன்.

ஆனால் என் தம்பி முன்னால், "உனக்குப் படகை நிறுத்தவே வராது" என்று சொன்னீர்களே, அதுதான் சுருக்கென்று தைத்தது. படகு துறையில் மோதியபோது காற்று அடித்ததை நீங்களும்தான் பார்த்தீர்கள்.

பி.கு: "யாரு இடிச்சது?" என்று பட்டறைக்காரர் கேட்டால், காற்று என்று சொல்லுங்கள்.

இன்னொன்று: பட்டை போட்டதும் முதலில் நான்தான் ஓட்டுவேன். நீங்கள் வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். பக்கத்தில் என்றால் பக்கத்தில்தான். முன்பலகையில் போய் உட்காராதீர்கள்.