கிடங்குக் குஸ்திப் படம்

நாமக்கல்,
தாது வருஷம், ஐப்பசி மாதம்.

அன்புள்ள அப்புசாமிக்குச் சென்னிமலை எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்குவதுதான் முறை. உன் அம்மா வள்ளியாத்தாளும் உங்கள் வீட்டு மாடு கன்றும் சுகம். என்னைப் பற்றி அப்படி எழுதக் கை வரவில்லை.

உன் கடிதம் கிடைத்தது. பட்டணத்துக் குஸ்தி கம்பெனிக்காரர்கள் நோட்டீஸில் போடுவதற்காக, நீ மேச்சேரிப் பயில்வான் சின்னண்ணனைச் சாய்த்த படத்தைப் பெரிதாக அடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறாய். படம் நன்றாகத்தான் விழுந்திருக்கிறது. அதுதான் வினை.

மழையில் கோதா நனைந்துபோய், போட்டியைத் திருச்செங்கோட்டுக் கடலைக்காய்க் கிடங்குக்குள் மாற்றினார்களே, அப்போதே நான் படம் வேண்டாம் என்றேன். சேந்தமங்கலத்துக் கொட்டகையில் பட்ட அவமானம் போதாதா? அங்கே வெறும் காஸ் விளக்கை நம்பி லென்ஸைத் திறந்து வைத்தேன். பிளேட்டில் விழுந்தது இரண்டு புகைமூட்டம். ஆள் அசைந்தால் அந்த வெளிச்சத்தில் ஒன்றும் நிற்காது. நீதான் விடவில்லை. பளீரென்று எரிகிற மருந்துப் பொடியைக் கொளுத்து, எப்போது என்று நான் காட்டுகிறேன், பிடி இறுகி இருவரும் அசையாமல் நிற்கும்போது தொடையைத் தட்டுவேன் என்றாய். என் தொழிலுக்காக இவ்வளவு யோசிக்கிறானே என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அந்த வெளிச்சம் அரை இருட்டில் இருக்கிற கண்ணை என்ன செய்யும் என்று எனக்குத் தோன்றவே இல்லை பார். என் நினைப்பெல்லாம் பிளேட்டின் மேல்தான்.

நீ தட்டினாய். நான் கொளுத்தினேன். மறுகணம் சின்னண்ணன் பிடியை விட்டுக் கண்ணைப் பொத்தினான். நீ அவனைத் தூக்கி அடித்தாய். தற்செயல் என்றுதான் நினைத்தேன். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவர்களில் நானும் ஒருவன்.

பிளேட்டைக் கழுவிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அந்த மருந்து எரிகிற வேகத்துக்கு எந்த மனிதனும் கண்ணை மூடிவிட முடியாது. எரிந்த பிறகுதான் மூடுவான். அதனால் படத்தில் சின்னண்ணன் கண், நடுவர் கண், மூட்டை மேல் ஏறி நின்ற கூட்டத்தின் கண், எல்லாம் திறந்திருக்கின்றன. நீ ஒருவன்தான் கண்ணை இறுக மூடி, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறாய்.

சின்னண்ணன் தோள் இறங்கிப்போய் மேச்சேரியில் கிடக்கிறான். இனிக் குஸ்தி கிடையாது என்று கட்டுப் போட்ட வைத்தியர் சொல்லிவிட்டாராம். ஆட்டுக்குட்டியைக்கூட அந்தக் கையால் தூக்க முடியவில்லையாம். அவன் பெண்சாதி நல்லம்மாள் போன வாரம் என் போட்டோக் கடைக்கு வந்தாள். சண்டை போடுவாள் என்று பயந்தேன். நின்றுகொண்டே கேட்டாள்: "ஏனுங்க சாமி, எங்க ஊட்டுக்காரரு உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணுனாருங்க? நீங்களா அவசரப்பட்டுக் கொளுத்திப் போட்டீங்கன்னு அப்புசாமி சொல்லிட்டுப் போனாருங்களே."

அப்படியா சொன்னாய்? சின்னண்ணனை ஏமாற்றியதையாவது, ஜெயிக்கிற வெறியில் செய்துவிட்டான் என்று மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். கூடவே வளர்ந்த என் கையாலேயே அதைச் செய்ய வைத்து, பழியையும் என் தலையில் கட்டிவிட்டு ரயில் ஏறினாயே.

அவளிடம் நான் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அப்புறம் உன் அம்மா வந்து, மகன் ஜெயித்த படத்தைச் சுவரில் மாட்ட வேண்டும் என்று கேட்டார்கள். இருட்டில் படம் விழவில்லை என்று சொல்லி அனுப்பினேன். அதைக் கேட்டு ஊரே சிரிக்கிறது. நான் எடுத்ததிலேயே நல்ல படம் இதுதான். இதை ஒருவருக்கும் காட்டாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

பெரிதாக அடிக்கவில்லை. சின்னதாக ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். தனியாக இருக்கும்போது எடுத்துப் பார்.

திருச்செங்கோட்டு மலைமேல் இருக்கிறவர் உன் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் காக்கட்டும். தைப் பொங்கல் நோம்பிக்கு ஊருக்கு வா. வீட்டுக்குப் போகும் முன் மேச்சேரிக்குப் போவோம். அவன் வாசலில் நான் உன் பக்கத்திலேயே நிற்கிறேன். சொல்ல வேண்டியதை நீ உன் வாயால் சொல்லிவிடு. நோம்பி கழிந்தும் நீ வராவிட்டால், அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு நான் போக வேண்டியிருக்கும். என்னைத் தனியாகப் போக வைக்காதே.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
சென்னிமலை.