ருசி பார்க்கும் கை

திருமுல்கேரி, ஹைதராபாத்
8 ஜூன் 2024

அன்புள்ள நந்துவுக்கு,

போனில் பேசினால் நமக்குள் சண்டையில்தான் முடிகிறது. அதனால் மெயிலில் எழுதுகிறேன். பெர்த்தில் குளிர் ஆரம்பித்திருக்கும். ஸ்வெட்டர் இல்லாமல் திரியாதே.

அப்பா அப்படியேதான் இருக்கிறார். யாரையும் அடையாளம் தெரியவில்லை, பேச்சும் நின்றுவிட்டது. மூக்கில் போட்ட டியூப் வழியாகத்தான் கஞ்சியும் பவுடர் பாலும் போகிறது. போன மாதம் ஒரு தடவை பிடுங்கிவிட்டாரே, அன்றிலிருந்து வலது கையைத் துணியால் கட்டிலோடு கட்டி வைத்திருக்கிறோம்.

வெள்ளிக்கிழமை இந்த டியூபை எடுத்துவிட்டுப் புதிது போட வேண்டும். வீட்டுக்கு வந்து பார்க்கிற டாக்டரம்மா, "திரும்பப் போடணுமான்னு யோசிங்க. இந்த நிலைமைல டியூப் ஆயுசைக் கூட்டும்னு சொல்ல முடியாது. அவர் வாங்கிக்கிற அளவுக்கு வாயில கொடுத்தாப் போதும்" என்கிறார்.

எனக்கும் டியூப் வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் நீ சம்மதிக்காமல் எதுவும் செய்யமாட்டேன்.

உன் பதிலைப் பார்த்திருக்கும்
ஷோபா அக்கா

பெர்த்
9 ஜூன்

அன்பு அக்காவுக்கு,

ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். மனசுதான் கொதிக்கிறது. டியூபை எடுப்பதற்கு நீங்கள் என்ன பெயர் வைத்தாலும் அது பட்டினி போடுவதுதான். ராமச்சந்திராபுரம் ஃபாக்டரி கேன்டீனில் சூப்பர்வைசராக நின்று ஷிஃப்டு ஷிஃப்டாகச் சோறு போட்ட மனுஷனை வெறும் வயிற்றோடு அனுப்பச் சொல்கிறாயா? நாளைக்கு எந்தக் கையால் வாய்க்கரிசி போடுவேன்?

பார்த்துப் பார்த்து உனக்குச் சலித்துவிட்டது, வேறொன்றுமில்லை. புது டியூப் போடச் சொல்.

நந்து

திருமுல்கேரி
10 ஜூன்

நந்து,

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இன்று கட்டை அவிழ்த்து அப்பாவின் கையைத் துடைத்தேன். மணிக்கட்டு கன்றிப்போயிருந்தது. கஞ்சி டம்ளரை எடுத்ததும் கை நீண்டது. பிடுங்கத்தான் போகிறார் என்று பாய்ந்து பிடித்தேன். ஆனால் கை மூக்குப் பக்கம் போகவே இல்லை. உள்ளங்கையைக் குழித்து என் முன்னால் நீட்டிக்கொண்டே இருந்தார், பிச்சை கேட்பது மாதிரி. யாரிடமும் கை நீட்டாதவர் நந்து அவர். எனக்கு அழுகை வந்துவிட்டது. நர்ஸ் ஸ்மிதா, "நக்கோ மேடம், வேணாம், மறுபடி பிடுங்கிடுவாரு" என்று திரும்பக் கட்டிவிட்டாள்.

டியூப் போட வேண்டுமா, போடலாம். நீ வந்து இந்தக் கையைக் கட்டு. என்னால் ஆகாது. எனக்குச் சலித்துவிட்டது என்று எழுதினாயே, அதை மறக்க நாளாகும்.

ஷோபா

பெர்த்
11 ஜூன்

அக்கா,

அது பிச்சை இல்லை.

நீ கேன்டீனைப் பார்த்ததே இல்லை. பெண்பிள்ளை என்று உன்னை விட்டுவிட்டு, லீவு நாளில் கம்பெனி பஸ்ஸில் என்னை மட்டும் அப்பா கூட்டிப்போவார். அண்டா அடுப்பிலிருந்து இறங்கியதும் இப்படித்தான் உள்ளங்கையைக் குழித்து நீட்டுவார். சமையல் மாஸ்டர் அய்யாக்கண்ணு கரண்டியிலிருந்து ஒரு சொட்டு விடுவார். அப்பா நக்கிப் பார்த்து, "போடலாம்" என்றால்தான் பரிமாறுகிற ஜன்னல் திறக்கும். வெளியே ஷிஃப்டு ஆட்கள் தட்டைத் தட்டிக் கத்தினாலும் அசையமாட்டார். கடைசி ஆள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவர் உட்காருவார்.

ருசி காட்டாமல் பரிமாறுகிறோம் அக்கா, அதைத்தான் அவர் கேட்கிறார். அந்தக் கையைப் போய்க் கட்டி வைத்தோமே.

டியூப் வேண்டாம். கட்டை அவிழ்த்துவிடு. நான் எழுதியதற்கு நாலு அறை அறைந்துவிடு, நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். ஞாயிறு காலை அங்கே இருப்பேன்.

உன் தம்பி
நந்து

திருமுல்கேரி
14 ஜூன்

அன்புள்ள நந்துவுக்கு,

காலையில் டியூபை எடுத்துவிட்டார்கள். மதியம் ரசம் வைத்தேன். டாக்டரம்மா சொன்னபடி அப்பாவை நிமிர்த்தி உட்காரவைத்து, ஆறின தெளிவை எடுத்துக்கொண்டு போனேன். கை நீண்டது. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டேன். வாய்க்குக் கொண்டுபோக அவருக்கு நேரமாயிற்று. நான் கையைப் பிடிக்கவில்லை.

நக்கிப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "உப்பு" என்றார். ஆமாம் நந்து, பேசினார்! ஸ்மிதா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். உப்புப் போட்டுக் கலக்கி இன்னொரு சொட்டு விட்டேன்.

"போடலாம்."

ஸ்பூனை எடுத்துக்கொண்டு வாயருகே போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கையால் எங்களைக் காட்டினார். நானும் ஸ்மிதாவும் கட்டில் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டோம். எங்கள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் அவ்வளவு நிம்மதி. நாங்கள் எழுந்த பிறகும் ஒரு வாய்கூட வாங்கிக்கொள்ளவில்லை. போனில் கேட்டதற்கு டாக்டரம்மா, "வற்புறுத்தாதீங்க, அவருக்குப் பசி இல்லை" என்றார். அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஆனால் எனக்கு வேறு ஒன்று தோன்றுகிறது.

உன்மேல் கோபம் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை ஏர்போர்ட்டில் எதையாவது வாங்கித் தின்றுவிட்டு வராதே. பசியோடு வா. அவருக்கு எதிரே உனக்குத் தட்டுப் போடுகிறேன். கடைசி ஆள் இன்னும் சாப்பிடவில்லையே நந்து.

அக்கா