ஒன்பதாம் அடுக்கில் ஒரு கட்டை

நாள் 412 — 07:20

கண்டெடுப்பவர் யாரோ, அவருக்கு.

கொற்கை, சரக்குக் கப்பல். குறுங்கோள் பட்டையிலிருந்து பூமிக்குத் திரும்பும் வழி. சரக்கு நிக்கல். ஆள் ஒன்று: தவசுக்கனி, பராமரிப்புப் பொறியாளர், வயது முப்பத்தாறு.

அழுத்தம் சரி. வெப்பம் சரி. தண்ணீர் சரி. காற்றில் கரியமில வாயு 0.4 சதவீதம். சரி.

இதையெல்லாம் இயந்திரமே எழுதிக்கொள்கிறது. இருந்தாலும் ஒரு நாளைக்கு ஒருமுறை மனிதக் கை எழுத வேண்டும் என்பது விதி. எழுதாவிட்டால் மருத்துவப் பிரிவிலிருந்து கேள்வி வரும். நன்றாகத் தூங்கினீர்களா என்று தொடங்கும்.

நாள் 412 — 16:05

மேசையில் இருப்பதைப் பற்றி எழுதிவைக்கிறேன். பார்ப்பவர் குழம்பக்கூடாது.

சொந்தப் பொருளாக இரண்டு கிலோ அனுமதித்தார்கள். நான் ஒரு பெட்டி பிளாஸ்டிக் கட்டை கொண்டுவந்தேன். குழந்தைகள் வைத்து விளையாடுவதுதான். 1,140 கட்டைகள் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறது. அதே பெட்டி இன்னொன்று பாளையங்கோட்டையில் என் தம்பி லிங்கதுரையிடம் இருக்கிறது. ஒரே கடையில், ஒரே நாளில் வாங்கியவை.

அவன் விண்கலங்களை வடிவமைக்கிறான். எங்கும் இல்லாத கலங்கள். நாளுக்கு ஒரு அடுக்கு அனுப்புவான். நான் வைத்துவிட்டு, வைத்தாயிற்று என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் அவன் தன்னுடையதில் வைப்பான். இருவரும் வைக்காமல் அடுத்த அடுக்கு கிடையாது. புறப்பட்ட வாரத்தில் அவன் போட்ட விதி. செய்தி போக இருபத்திரண்டு நிமிடம், வர இருபத்திரண்டு நிமிடம்.

இதுவரை பதினொரு கலங்கள். மூக்கன், தவளை, கோணவாயன். ஒவ்வொன்றையும் கட்டி, படம் அனுப்பி, பிரித்து, பெட்டியில் போட்டு, அடுத்தது. இங்கே எடை கிடையாது; கட்டைகள் மிதந்துவிடும். அதனால் ஒரு பெரிய ஜிப் பைக்குள் கையை விட்டுத்தான் கட்டுகிறேன். இறுகியதைப் பல்லால் கடித்துப் பிரிப்பதால் பாதிக் கட்டைகளில் என் பல் தடம் இருக்கிறது.

பன்னிரண்டாவது பெரியது. பன்னிரண்டு அடுக்கு. பெட்டியிலுள்ள எல்லாக் கட்டைகளும் வேண்டும். இது முதல் தடவை.

லிங்கதுரை, இன்று வந்தது:

“எக்கா, இதுக்கு இன்னும் பேரு வைக்கல. கடைசிக் கட்ட வச்சப்புறம் வைப்போம். எஞ்சின் பக்கத்துல ஆரஞ்சுக் கண்ணாடிக் கட்ட நாலு போட்டுருக்கேன், கடைசி அடுக்குல வரும். தீ மாதிரி இருக்கும். நீ போற கப்பல்ல தீயே தெரியாதுன்னு சொன்னல்லா, அதான்.”

நாள் 414 — 16:40

கரியமில வாயு 0.4.

ஒன்பதாம் அடுக்கு. கருஞ்சாம்பல் கட்டை, மேலே ஒற்றை வரிசையில் மூன்று குமிழ். எட்டு வேண்டும். என்னிடம் ஏழு.

பையை உள்வெளியாகப் புரட்டிப் பார்த்தேன். படுக்கையின் பின்னால், விசிறி வலையில், என் தலைமுடியில். இல்லை. போன வாரம் பை திறந்திருந்தபோது தும்மினேன். அப்போதுதான் போயிருக்கும்.

அந்த இடத்தைக் காலியாக விட்டு மேலே மூடினேன். கலத்தின் வயிற்றுக்குள் இருக்கிறது, வெளியே தெரியாது.

வைத்தாயிற்று என்று அனுப்பினேன்.

ஏன் என்று கேட்டால், களைப்பு. தொலைத்துவிட்டேன் என்று சொன்னால் அவன் எல்லாவற்றையும் நிறுத்துவான். வடிவத்தை மாற்றுவான். எப்படித் தொலைந்தது, சாப்பிடுகிறாயா, கை நடுங்குகிறதா என்பான். போன ஆண்டு ஒரு கரண்டியைத் தொலைத்ததற்கு மருத்துவப் பிரிவுக்குப் பேசிவிட்டான்.

மூன்று குமிழ். ஒரு விரல் நகத்தைவிடச் சற்று நீளம்.

நாள் 415 — 08:10

லிங்கதுரை:

“நானும் வச்சிட்டேங்கா. பத்து நாளைக்கு ஆபீஸ்ல ஆடிட்டு. அது முடியட்டும், பத்தாவது அடுக்கு அனுப்புதேன். நீயா மேல கட்டிராத, கேட்டியா? உன்னயத் தெரியும்.”

நாள் 421 — 07:15

கரியமில வாயு 0.9. நேற்று 0.7.

காற்றுச் சுத்திகரிப்பானுக்கு இரண்டு அறைகள். ஒன்று வாயுவை உறிஞ்சும்போது மற்றது உறிஞ்சியதை விண்வெளியில் கக்கும். பிறகு இடம் மாறும். மாற்றுவது நடுவிலுள்ள ஒரே வால்வு. அது முழுதாக மூடவில்லை. ஒரு விரல் நகத்தளவு இடைவெளி நிற்கிறது.

ஒரு விரல் நகத்தளவு.

நாள் 423 — 09:30

1.4. பிடரியில் வலி.

தரைக் கட்டுப்பாட்டிலிருந்து ஹெப்சிபா கேள்விப் பட்டியல் அனுப்பினாள். பதினான்காவது கேள்வி: அறையில் கணக்கில் வராத, மிதக்கும் சிறு பொருள் ஏதாவது?

இல்லை என்று எழுதினேன்.

பிறகு அவளிடமிருந்து குரல் வந்தது:

“கனி மேடம், அந்த விளையாட்டுக் கட்டைங்க மேல ஒரு சந்தேகம் இருந்துச்சு. உங்க தம்பிக்கு போன் பண்ணிக் கேட்டேன். ‘எங்க அக்கா ஒண்ணயும் தொலைக்க மாட்டா, ஒம்பதாவது அடுக்கு வரைக்கும் கணக்கு சரியா இருக்கு’ன்னு அடிச்சுச் சொல்லிட்டார். அதனால அந்தக் காரணத்த அடிச்சாச்சு. வால்வ இயக்கற மோட்டாரோட சர்க்யூட் கார்டு தான் பிரச்சனைன்னு பாக்கறோம். மாத்திப் பாருங்க.”

இரண்டு முறை கேட்டேன். அவன் சொன்ன இடத்தை மட்டும்.

நாள் 426 — 11:00

மாற்று கார்டு ஒன்றுதான் இருந்தது. மாற்றினேன். வால்வு அப்படியே நிற்கிறது.

2.1. நேற்றும் 2.1. முந்தாநாள் மாலையும் 2.1. ஏறுவது நின்றுவிட்டது.

ஹெப்சிபா:

“மேடம், பாதி வேகத்துல ஓடினாலும் ஓடுது. ரெண்டு சதவீதத்துல மனுஷங்க இருக்கலாம், தலவலியோட. மணப்பாடு புறப்பட்டாச்சு, 439-ஆம் நாள் உங்கள வந்து சேந்துரும். அதுவரைக்கும் வால்வு பெட்டியத் தொடவே கூடாது. அதோட ரப்பர் வளையம் பழசு. தொறந்தா திரும்ப மூடும்னு சொல்ல முடியாது. தயவுசெஞ்சு படுத்து ரெஸ்ட் எடுங்க.”

மணப்பாடு மீட்புக் கப்பல். இன்னும் பதின்மூன்று நாள்.

படுத்தேன். கண்ணை மூடினால் அந்தக் கட்டை தெரிகிறது. வால்வின் உதட்டில் குறுக்காக. கருஞ்சாம்பல். ஒரு முனையில் என் பல் தடம்.

நாள் 428 — 09:10

2.2. அல்லது 2.1. எண் அசைகிறது.

இரவெல்லாம் அந்த வால்வு தட்டிக்கொண்டே இருந்தது. மூட முயல்கிறது, முடியவில்லை, மறுபடி முயல்கிறது. பதின்மூன்று நாள். இல்லை, பதினொன்று.

லிங்கதுரைக்கு இதை அனுப்பினேன்:

“ஏல, ஒண்ணு சொல்லணும். ஒம்பதாவது அடுக்குல ஒரு கட்ட வைக்கல. மூணு குமிழ் சாம்பல். தொலச்சிட்டேன். உங்கிட்ட வச்சிட்டேன்னு பொய் சொன்னேன். அவங்ககிட்டயும் பொய் எழுதினேன். அதுதான் வால்வுக்குள்ள போயிருக்கு. நான் எடுத்துக்கிடுதேன். நீ ஹெப்சிபாகிட்ட சொல்லிரு. என்னய ஏசாத, ஏற்கனவே தல வலிக்கி.”

அவன் பதில் வர நாற்பத்து நான்கு நிமிடமாவது ஆகும்.

காத்திருக்கலாம்.

அவன் ஏசும்போது, எடுத்துட்டேன்ல என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான். வேறு காரணம் இருந்ததாக இங்கே எழுத மாட்டேன்.

நாள் 428 — 09:30

சுத்திகரிப்பானை நிறுத்தினேன். வெளி அடைப்பை மூடினேன். ஆறு திருகுகள். நான்கு சுலபம்.

நாள் 428 — 09:41

திறந்துவிட்டது.

உள்ளே ஒன்றும் இல்லை.

விளக்கை அடித்துப் பார்த்தேன். விரலை விட்டுப் பார்த்தேன். தேய்ந்த அச்சு. அது சாய்ந்து நிற்பதால் மூடவில்லை. அவ்வளவுதான்.

ரப்பர் வளையம் கையோடு வந்தது. பழைய பிஸ்கட் மாதிரி.

நாள் 428 — 09:58

லிங்கதுரை:

“எக்கா! நீ சிரிக்கக் கூடாது. எங்கிட்டயும் அந்தக் கட்ட இல்ல! சத்தியமா. ஏழுதான் இருந்துச்சி. வீடு மாறும்போது நாந்தான் தொலச்சிட்டேன்னு நெனச்சேன். நீ அவ்வளவு தூரத்துல ஒத்தயில இருந்து வச்சிட்டேன்னு சொல்லுத, நான் வீட்டுக்குள்ள தொலச்சிட்டேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சி. அதான் நானும் வச்சிட்டேன்னு விட்டேன். ரெண்டு பெட்டியிலயும் இல்லன்னா பெட்டியில போடவே இல்லக்கா! கம்பெனிக்காரன் முழுங்கிட்டான்! வால்வுக்குள்ள ஒரு மண்ணும் இருக்காது. நீ எதயும் கழட்டாத. கேட்டியா? கழட்டாத. ஹெப்சிபா மேடமும் அதத்தான் சொல்லுதாவ. அடேயப்பா, ரெண்டு பேரும் என்னமா புளுகிருக்கோம்!”

பெட்டியைத் திறந்த அன்று நாங்கள் எண்ணவில்லை. 1,140 என்று அச்சிட்டிருந்தது. நம்பினோம். பிறகு ஒருவரையொருவர் நம்பினோம்.

நாள் 428 — 13:20

வளையத்துக்குப் பதிலாகக் கையுறை ரப்பரை வெட்டி வைத்தேன். நிற்கவில்லை. ஒட்டுநாடா. நிற்கவில்லை. அந்த அறை விண்வெளியைப் பார்த்துத் திறப்பது. வளையம் இல்லாமல் ஓட்டினால் இருக்கிற காற்றும் வெளியே போகும்.

கரியமில வாயுவை உறிஞ்சும் அவசரக் குப்பிகள் நான்கு. ஒன்று அரை நாள் வரும்.

மணப்பாடு வரப் பதினொரு நாள்.

கணக்கு எளிது. எழுதவில்லை.

நாள் 428 — 14:00

தம்பிக்கு அனுப்பினேன்:

“ஏல புளுகா. கழட்டலடா. ஸ்க்ரூ டிரைவர கையில எடுத்தேன், உன் சத்தம் வந்துது, வச்சிட்டேன். நல்லவேள. பத்தாவது அடுக்க அனுப்பு. தூங்கித் தூங்கி அலுத்துப் போச்சி.”

ஹெப்சிபாவிடம் உண்மையைச் சொன்னேன். அவள் திரையில் எப்படியும் தெரியும். ஒன்று கேட்டேன்: தம்பிக்குத் தெரிய வேண்டாம். வளையம் பயணத்தில் தானாகப் போனது என்று சொல்லுங்கள். 415-ஆம் நாள் அவன் உண்மை சொல்லியிருந்தால் நான் திறந்திருக்க மாட்டேன். இது அவனுக்குத் தெரியக்கூடாது. 414-ஆம் நாள் நான் சொல்லியிருந்தால் என்பதை அவன் எண்ண மாட்டான். அவன் பக்கத்தை மட்டும்தான் எண்ணுவான்.

நாள் 428 — 15:10

ஹெப்சிபா:

“மேடம்... நான்... ரிப்போர்ட்ல எழுதித்தான் ஆகணும். அவர்ட்ட நானா சொல்ல மாட்டேன். இங்க எல்லாரும் உக்காந்து வழி பாத்துட்டிருக்காங்க. எதாவது ஒண்ணு இருக்கும். நீங்க பேசிட்டே இருங்க.”

பின்னால் யாரோ அழுதுவிட்டு மூக்கைச் சிந்தினார்கள். ஒலிவாங்கியை மூடியிருக்கலாம்.

நாள் 429 — 10:30

2.9. மூன்று குப்பிகள் முடிந்தன. நிரப்பியிருந்த மருந்தும் பழசு போல.

தரையிலிருந்து இரண்டு யோசனைகள் வந்தன. இரண்டும் செய்தேன்.

தம்பி பத்தாவது அடுக்கையும் பதினொன்றாவதையும் ஒன்றாக அனுப்பினான். விதியை அவனே மீறினான். சந்தோஷத்தில் இருக்கிறான்.

பத்தாவது, வைத்தேன். இறக்கை இங்கேதான் விரிகிறது. கட்டையைப் பக்கவாட்டில் திருப்பிக் குமிழ்கள் வெளியே பார்க்கும்படி வைக்கச் சொல்லியிருக்கிறான். தொட்டால் கப்பலின் தோல் மாதிரி இருக்கிறது. நல்ல யோசனை. சொன்னேன்.

பதினொன்றில் பாதி. விரல் சொன்ன இடத்தில் அமுங்கவில்லை.

நாள் 430 — 08:00

6.8. நான்காவது குப்பியும் முடிந்தது.

எழுத்து ஊர்கிறது.

கண்டெடுப்பவருக்கு. மேசையில் இருக்கும் கலத்தைப் பிரிக்காதீர்கள். அப்படியே பையோடு கொண்டுபோய் லிங்கதுரையிடம் கொடுங்கள். இந்தக் குறிப்பைக் கொடுக்க வேண்டாம். 428-ஆம் நாளை மட்டுமாவது கொடுக்க வேண்டாம்.

ஒன்பதாம் அடுக்கில் ஒரு இடம் காலியாக இருக்கும். அது தொலையவில்லை. தேட வேண்டாம்.

நாள் 430 — 12:35

லிங்கதுரை:

“எக்கா, பன்னெண்டாவது! கடைசி! ஆரஞ்சுக் கண்ணாடி நாலும் இதுலதான். ஆடிட்டு முடிஞ்சிது, இன்னைக்கி லீவு போட்டு உக்காந்துருக்கேன். கட்டயெல்லாம் தரையில பரப்பி வச்சாச்சி. நீ வச்சிட்டு சொல்லு, பெறவுதான் நான் வைப்பேன். ஒம்பதாவதுல ஓட்ட இருக்குல்லா, ரெண்டுலயும் ஒரே எடத்துல. அதனால பேரு ஓட்டைக்கப்பல்னு வைப்போமா? நீ வந்ததும் ரெண்டயும் பக்கத்துல பக்கத்துல வச்சி ஒரு போட்டோ. சீக்கிரம் வையிக்கா, காத்துக்கிட்டிருக்கேன்.”

நாள் 430 — 13:

ஆரஞ்சு நாலும் பைக்குள் மிதக்கிறது. அழகு. கை உள்ளே போகவில்லை

நான் சொன்னால்தான் அவன் வைப்பான்

தரையில் பரப்பி

அனுப்பினேன்:

“நல்ல பேருல. வச்சிட்டேன். நீயும் வையி.”