மாரப்பண்ணன் காலுக்கு இன்சூரன்ஸ் உண்டு

மூன்று நாளில் அன்றைக்குத்தான் செவ்வந்தி அசந்து தூங்கினாள். கருமத்தம்பட்டி வளைவில் அவள் ஓட்டிய மாருதி, வாழைத்தார் ஏற்றி வந்த மாரப்பனின் சைக்கிளில் மோதி, அவர் கால் முறிந்திருந்தது. அவளை எழுப்ப மனமில்லாமல், மதிய ஷிஃப்டுக்குக் கிளம்பிய கணவன் சாமுவேல் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினான்.

"அம்மணி, காலைல ஏஜெண்டைப் பாத்துட்டு வந்தேன். இனிப் பயப்படாதே. நம்முளுது தர்ட் பார்ட்டி பாலிசி. அதுல நம்ம வண்டிக்கு ஒண்ணும் வராது, ஆனா நாம இடிச்ச ஆளுக்கு வரும். மாரப்பண்ணனுக்குக் கோர்ட்டு சொல்ற நஷ்டஈட்டைக் கம்பெனியே கட்டிருமாம். உங்கிட்ட லைசென்ஸ் இருக்கறதால சிக்கல் இல்லைன்னாரு. ஃபுல் கவர் எடுத்திருந்தா நசுங்குன முன்பக்கத்துக்கும் வந்திருக்குமாம்.

குக்கர்ல சோறு இருக்குது. ரசம் வெச்சுப்போட்டேன். இன்னிக்காச்சும் சாப்புடு."

பேனாவை மூடியவன் மறுபடி திறந்தான். முன்பக்கம் நசுங்கியதற்காக அவன் அவளைத் திட்டியது தெருவுக்கே கேட்டிருந்தது. தாளின் அடியில் நெருக்கி எழுதினான்.

"ஃபுல் கவர் வேண்டாம்னது நாந்தான். உம்மேல கத்துனது தப்பு."

இனி ஓரம்தான் மிச்சம். தாளைப் பக்கவாட்டில் திருப்பி வைத்து அதிலும் எழுதினான்.

"வர்ற வழியில ஆஸ்பத்திரிக்கும் போனேன். அண்ணன் நல்லாப் பேசறாரு. 'அம்மணி சாப்புட்டுதுங்களா?'ன்னு உன்னையத்தான் கேட்டாரு. நாளைக்குக் காலைல ரெண்டு பேரும் போய்ப் பாப்போம். வண்டிய நீயே ஓட்டு."